ஒரே நாள், ஒரே சாலை, மூன்று வெற்றியாளர்கள்: அமெரிக்காவின் ஆரம்பகால கார் பந்தயங்களில் அமெச்சூர்கள்

1909 அக்டோபர் 30 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயம் நடந்தது. அன்று ஜெயித்தது யார் என்று பழைய பட்டியல்களில் தேடினால் தலை சுற்றும். ஓரிடத்தில் ஆல்கோ கார் ஓட்டிய ஹாரி கிராண்ட் என்று இருக்கும். இன்னோரிடத்தில் மார்மன் கார் ஓட்டிய ரே ஹாரூன். மூன்றாவதாக, சால்மர்ஸ்-டெட்ராய்ட் ஓட்டிய ஜோ மேட்சன். ஒருவருக்கும் கள்ள வெற்றி கிடையாது, மூன்றுமே சரி. ஒரே சாலையில் ஒரே சமயத்தில் மூன்று பந்தயங்கள் ஓடின.

அதே காலகட்டத்தின் வேறு பட்டியல்களில் 'அமெச்சூர்' என்ற குறிப்பும் வந்து சேரும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. இன்று துணைப் பந்தயம் என்றதும் நம் மனதில் வருவது, பெரிய பந்தயத்துக்கு முன்னால் இளம் ஓட்டுநர்கள் மோதும் சின்னப் பந்தயம். அமெச்சூர் என்றால் கற்றுக்குட்டி. இந்த இரண்டு எண்ணங்களையும் 1900களின் அமெரிக்காவுக்கு அப்படியே எடுத்துப் போனால் எதுவும் புரியாது. அன்றைய அமெச்சூர் பெரும்பாலும் தொழில்முறை ஓட்டுநரைவிடப் பல மடங்கு பணக்காரர். பல சமயம் அவரிடம் இருந்த காரும் வேகமானது. அமெச்சூர் என்ற கோடு திறமையைப் பிரிக்கப் போட்ட கோடு அல்ல, பணத்தையும் அந்தஸ்தையும் பிரிக்கப் போட்ட கோடு.

## முதலில் இரண்டு கேள்விகளைப் பிரிப்போம்

1. துணைப் பந்தயம் என்பது நிகழ்ச்சி நிரலைப் பற்றியது. அன்றைக்குக் கூட்டம் எதைப் பார்க்க வந்ததோ அது முதன்மைப் பந்தயம். அதற்கு முன்போ பின்போ, சில சமயம் அதோடு சேர்ந்தோ நடப்பது துணைப் பந்தயம்.

2. அமெச்சூர் என்பது ஓட்டுநரைப் பற்றியது. கூலிக்கு ஓட்டாதவர், பரிசுப் பணத்தை நம்பிப் பிழைக்காதவர், கார் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர் என்பதுதான் இதன் சாரம். கோப்பை வாங்கலாம், காசு வாங்கக் கூடாது.

இரண்டும் சில சமயம் ஒன்றாக வரும், சில சமயம் வராது. மேலே சொன்ன 1909 பந்தயத்தில் ஹாரூன் ஜெயித்தது வீட்லி ஹில்ஸ் கோப்பை, மேட்சன் ஜெயித்தது மாசபீக்குவா கோப்பை. இரண்டும் துணைப் பந்தயங்கள்தான், ஆனால் அவற்றில் ஓடியவர்கள் கார் கம்பெனிகளுக்காக ஓட்டியவர்கள். நேர்மாறாக, ஃபுளோரிடாவின் ஆர்மண்ட்–டேடோனா கடற்கரையில் சில ஆண்டுகள் பணக்கார அமெச்சூர்கள்தான் முக்கிய ஈர்ப்பு. தொழில்முறை ஓட்டுநர்கள் இவர்களுக்குப் பக்கவாட்டில்தான் நின்றார்கள்.

## சின்னப் பந்தயங்கள் ஏன் தேவைப்பட்டன?

காரணம் ரொம்ப சாதாரணமானது. அமெரிக்காவின் ஆரம்பகால கார் பந்தயங்கள் பல நடந்தது குதிரைப் பந்தயத் திடல்களில். ஊருக்கு ஊர் ஒரு மைல் அல்லது அரை மைல் மண் திடல் தயாராக இருந்தது. மேடையும் வேலியும் நுழைவுச் சீட்டுக் கூண்டும் இருந்தன. குதிரைக்காரர்களின் பழக்கங்களும் சேர்ந்தே வந்தன. ஒரு பிற்பகலில் ஐந்தாறு ஓட்டங்கள், நடுவில் இடைவெளி, கடைசியில் பெரிய ஓட்டம்.

இதற்கு மேல் காருக்கே உரிய சிக்கல்கள்:

1. கார்கள் நின்றுபோகும். பத்துப் பேர் பெயர் கொடுத்தால் மூன்று கார் புறப்பட்டாலே பெரிய விஷயம். ஒரே ஒரு பந்தயத்தை நம்பிக் கூட்டத்தைக் கூட்டினால் பத்து நிமிடத்தில் ஊர் கலைந்துவிடும்.

2. நீராவிக் கார், மின்சாரக் கார், பெட்ரோல் கார் மூன்றும் அப்போது புழக்கத்தில் இருந்தன. மூன்றையும் ஒன்றாக ஓட விடுவதில் அர்த்தமில்லை. ஆகவே தனித்தனி ஓட்டம்.

3. மண் திடலில் நான்கைந்து காருக்கு மேல் விட்டால் பின்னால் வருபவருக்குப் புழுதியைத் தவிர எதுவும் தெரியாது.

4. ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கார் இருந்தது. அவர்களுக்கும் ஓட ஆசை. திடலை வாடகைக்கு எடுப்பதும் கோப்பையைத் தருவதும் பெரும்பாலும் அவர்களுடைய கிளப்தான்.

நான்காவதுதான் அமெச்சூர் பந்தயத்தின் வேர்.

## கிராஸ் பாயின்ட், 1901: துணைப் பந்தயம் வரலாற்றை மாற்றிய நாள்

1901 அக்டோபர் 10, டெட்ராய்ட்டின் கிராஸ் பாயின்ட் திடல். ஏறக்குறைய 8,000 பேர் கூடினார்கள். முதலில் நீராவிக் கார்கள் ஓடின, அப்புறம் மின்சாரக் கார்கள். நடுவில் புகழ்பெற்ற கார் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் வின்டன் தனியாக ஓட்டி ஒரு மைலை 1 நிமிடம் 12.4 நொடியில் கடந்து காட்டினார்.

இந்த முன்னோட்டங்கள் இழுத்துக்கொண்டே போயின. முதன்மைப் பந்தயம் 25 மைல் என்று அறிவித்திருந்தார்கள். பொழுது போய்விட்டது என்று அதை 10 மைலாகக் குறைத்தார்கள். பரிசு 1,000 டாலரும் ஒரு கண்ணாடிப் பானக் கிண்ணமும். தொடக்கக் கோட்டுக்கு வந்தவை மூன்றே கார்கள். ஒன்றில் வின்டன். இன்னொன்று பிட்ஸ்பர்க் கோடீஸ்வரர் மர்ரியுடைய வின்டன் கார். சிலிண்டர் கசிவால் அது ஓடாமலே விலகியது. மூன்றாவது காரில் வந்தவர், அதுவரை ஒரு பந்தயம்கூட ஓடியிராத உள்ளூர் ஆள் ஹென்றி ஃபோர்டு.

வின்டன் முன்னே பாய்ந்தார். ஃபோர்டின் உதவியாளர் ஸ்பைடர் ஹஃப் வளைவுகளில் காரின் பக்கவாட்டில் தொங்கியபடி உடம்பை வெளியே சாய்த்து எடையைச் சமன் செய்தார். ஏழெட்டு மைல் தாண்டியதும் வின்டன் காரின் பேரிங் சூடேறிப் புகை கக்கியது. ஃபோர்டு முந்தினார். நேரம் 13 நிமிடம் 23.6 நொடி. அந்த வெற்றியின் பலத்தில்தான் முதலீட்டாளர்கள் மறுபடி அவர் பக்கம் திரும்பினார்கள். 25 மைல் முழுதாக ஓடியிருந்தால் ஃபோர்டின் கார் தாங்கியிருக்குமா என்பதை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அப்படிப் பார்த்தால், நேரம் தின்ற அந்தத் துணைப் பந்தயங்களுக்கும் ஃபோர்டு கம்பெனியின் பிறப்பில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

தயாரிப்பாளர், மெக்கானிக், கார் வாங்கிய பணக்காரர் என்று மூன்று வகை ஆட்கள் ஒரே கோட்டில் நின்றதைக் கவனியுங்கள். 1901இல் இவர்களைப் பிரிக்கும் விதி பெரிதாக இல்லை. சீக்கிரமே வந்தது.

## கோடு போட்டது யார்?

அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன், சுருக்கமாக ஏ.ஏ.ஏ., 1902இல் சிகாகோவில் உருவானது. விரைவிலேயே பந்தயங்களை மேற்பார்வையிடும் குழு ஒன்றையும் அமைத்தது. ஒரு பந்தயத்துக்கு ஏ.ஏ.ஏ. அனுமதி இருக்க வேண்டும், ஓட்டுநர் பதிவு செய்திருக்க வேண்டும், அனுமதியில்லாத பந்தயத்தில் ஓடினால் தடை.

அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவு கார்க்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. சைக்கிள் பந்தயமும் தடகளமும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே சண்டையைப் போட்டு முடித்திருந்தன. உழைத்துப் பிழைப்பவன் விளையாட்டில் நுழைந்தால் கனவான்களின் பொழுதுபோக்கு கெட்டுவிடும் என்ற ஆங்கிலேய மனோபாவம் அது. காரில் அது இன்னும் வசதியாகப் பொருந்தியது, ஏனென்றால் நல்ல பந்தயக் கார் வாங்கவே ஒரு சொத்து வேண்டும். பார்னி ஓல்ட்ஃபீல்டு போன்றவர் சைக்கிள் ஓட்டிப் பிழைத்துவிட்டு, பிறர் காரை ஓட்டிப் பேர் வாங்கியவர். வில்லியம் கே. வாண்டர்பில்ட் ஜூனியர் ரயில்வே குடும்பத்து வாரிசு, வாண்டர்பில்ட் கோப்பைக்குப் பெயர் தந்தவர். இருவரையும் ஒரே பிரிவில் வைக்க வாண்டர்பில்ட் வட்டாரத்துக்கு மனம் வரவில்லை.

ஆனால் வாண்டர்பில்ட் சும்மா பொழுதுபோக்க வந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். 1904 ஜனவரி 12 அன்று ஹென்றி ஃபோர்டு உறைந்த ஏரிமேல் ஒரு மைலை 39.4 நொடியில் ஓட்டினார். பதினைந்தே நாளில், ஜனவரி 27 அன்று, ஆர்மண்ட் கடற்கரையில் மெர்சிடிஸ் காரில் அதை 39 நொடியாக்கினார் வாண்டர்பில்ட். மணிக்கு 92.3 மைல். அமெச்சூர் என்ற அடைமொழியோடு நாட்டிலேயே வேகமான மனிதர்!

அடுத்த ஆண்டு வந்த பாஸ்டன் பணக்காரர் ஹெர்பர்ட் பவ்டன் இன்னும் ஒரு படி மேலே. மெர்சிடிஸ் காரின் அடிச்சட்டத்தை நீட்டி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எஞ்சின்களைப் பொருத்தினார். அவற்றில் ஒன்று அவருடைய படகிலிருந்து கழற்றியது. மணிக்கு 109 மைலுக்கு மேல் பறந்தார். எடை வரம்பான 1,000 கிலோவைத் தாண்டிவிட்டது என்று அந்தச் சாதனை கணக்கில் சேரவில்லை. இப்படி ஒரு காரைச் செய்துபார்க்க எந்தக் கூலி ஓட்டுநரால் முடியும்?

இந்த வேலிக்கு இன்னொரு முகமும் உண்டு, அது அசிங்கமானது. 1910இல் உலகக் குத்துச்சண்டை சாம்பியன் ஜாக் ஜான்சன் கார் பந்தயம் ஓட விரும்பினார். பணம் இருந்தது, சொந்தமாக வேகமான கார்கள் இருந்தன. ஆனால் அவர் கறுப்பினத்தவர். ஏ.ஏ.ஏ. அவரை ஏற்கவில்லை. அக்டோபரில் நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பேயில் அனுமதியின்றி அவரோடு மோதி ஜெயித்த ஓல்ட்ஃபீல்டுக்குத் தடை விதித்தது. யார் உள்ளே, யார் வெளியே என்பதை விதிப் புத்தகம் மட்டும் தீர்மானிக்கவில்லை.

## ஓட்டை எங்கே இருந்தது?

டேவிட் புரூஸ்-பிரவுன் என்ற பணக்கார வீட்டுப் பையனின் கதையைப் பார்த்தால் இந்த ஏற்பாடு எவ்வளவு தளர்வானது என்று தெரியும். 1908இல் டேடோனா கடற்கரைக்கு வந்து, ஃபியட் கம்பெனியின் ஓட்டுநர் செட்ரினோவோடு ஒட்டிக்கொண்டார். அவர் காரிலேயே ஏறி ஓட்டி, அமெச்சூர் மைல் சாதனையையும் முறியடித்தார். மகனை ஓட விடாதீர்கள் என்று அம்மா தந்தி அடித்துக்கொண்டே இருந்ததாகச் சொல்வார்கள்.

இதில் கேட்க வேண்டிய கேள்வி: கம்பெனி காரில், கம்பெனி மெக்கானிக்குகள் தயார் செய்த எஞ்சினில், கம்பெனிக்கு விளம்பரம் தேடித்தரும் ஓட்டம் ஓடுபவர் அமெச்சூரா? சம்பளம் வாங்கவில்லை என்பதால் ஆம். கார் கம்பெனிகளுக்கு இது கொள்ளை லாபம். ஓட்டுநருக்குக் கூலி மிச்சம், செய்தித்தாளில் 'நல்ல குடும்பத்து இளைஞர் எங்கள் காரில் வென்றார்' என்ற செய்தி வேறு. கார் வாங்கும் வசதி படைத்தவர்கள் யாரைப் பார்த்து வாங்குவார்கள்? ஓல்ட்ஃபீல்டின் வாயிலிருக்கும் சுருட்டைப் பார்த்தா, தங்களைப் போன்ற ஒருவரைப் பார்த்தா?

புரூஸ்-பிரவுன் 1909இல் டேடோனாவில் டூவர் கோப்பையை வென்றார். அடுத்த ஆண்டு, 1910 நவம்பர் 12 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் நடந்த கிராண்ட் பிரைஸ் பந்தயத்தில் பென்ஸ் அணிக்காக ஓட்டினார். 415 மைலுக்குப் பிறகு, அதே அணியின் அனுபவசாலியான பிரெஞ்சுக்காரர் விக்டர் எமரியை ஒன்றரை நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். அமெச்சூர் பந்தயத்தில் தொடங்கியவர் இரண்டே ஆண்டில் உலகத் தரத்தில். 1911இல் ஃபியட்டில் மறுபடி ஜெயித்தார். 1912 அக்டோபர் 1 அன்று மில்வாக்கியில் பயிற்சி ஓட்டத்தின்போது கார் கவிழ்ந்து இறந்தார். உடனிருந்த மெக்கானிக்கும் பிழைக்கவில்லை. நான்கு நாள் கழித்து அங்கே கிராண்ட் பிரைஸை வென்ற கேலப் பிராகும் அமெச்சூராக வந்த பணக்கார இளைஞர்தான். 1910இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பிளாயா டெல் ரே மரப்பலகைத் திடலில் ஓல்ட்ஃபீல்டையே நேருக்கு நேர் தோற்கடித்தவர்.

## ஆளைப் பிரிப்பதை விட்டு, எஞ்சினைப் பிரித்தார்கள்

1908 வாக்கில் கணக்கு மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் கார் கம்பெனிகள் பெருகிவிட்டன. பெரும்பாலானவை செய்தது நடுத்தர, சின்னக் கார்கள். வாண்டர்பில்ட் கோப்பையில் பெரிய இறக்குமதிக் கார்களோடு மோதினால் அவற்றின் பெயரே வெளியில் வராது. அவர்களுக்கும் ஒரு கோப்பை வேண்டும்.

தீர்வாக வந்தது எஞ்சின் கொள்ளளவுப் பிரிவு. 1909இல் லாங் ஐலண்டில் இப்படிப் பிரித்தார்கள். சாலையின் ஒரு சுற்று 12.64 மைல்.

1. வாண்டர்பில்ட் கோப்பை: 301 முதல் 600 கன அங்குலம் வரை; 22 சுற்று, 278.08 மைல்.
2. வீட்லி ஹில்ஸ்: 231 முதல் 300 வரை, 15 சுற்று, 189.6 மைல்.
3. மாசபீக்குவா: 161 முதல் 230 வரை, 10 சுற்று, 126.4 மைல்.

மூன்று வெற்றியாளர் புதிர் இதுதான். சாலையை ஒரு தடவை மூடி, ஒரு தடவை காவல் போட்டு, மூன்று கம்பெனிகளுக்கு வெற்றி விளம்பரம் தரலாம். பார்வையாளருக்கு யார் எந்தப் பந்தயத்தில் ஓடுகிறார் என்று புரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். சவானாவில் 1908இலும் 1910இலும் இன்னும் ஒழுங்காக, சின்னக் கார்களை கிராண்ட் பிரைஸுக்கு முந்தைய நாளே ஓடவிட்டார்கள். இல்லினாய் மாநிலத்தின் எல்ஜினிலும், இண்டியானாவின் கிரௌன் பாயின்டிலும் இதே முறை.

இதன் விளைவு முக்கியமானது. முன்பு துணைப் பந்தயத்தின் இடம் உள்ளூர் கனவானுக்கு இருந்தது. இப்போது அது சின்னக் கார் கம்பெனியின் சம்பள ஓட்டுநருக்குப் போய்விட்டது. அமெச்சூரை யாரும் துரத்தவில்லை. அவர் நிற்க இடமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

## இண்டியானாபொலிஸ் கதவைச் சாத்தியது

இண்டியானாபொலிஸ் திடலின் முதல் கார் பந்தயக் கூட்டம் 1909 ஆகஸ்ட் 19 முதல் 21 வரை நடந்தது. பழைய பாணி நிரல்: மூன்று நாள், நாளுக்குப் பல ஓட்டங்கள். அந்தத் திடலின் முதல் கார் பந்தயமே வெறும் ஐந்து மைல்தான். ஜெயித்தவர் நட்சத்திர ஓட்டுநர் அல்ல, லூயிஸ் ஷ்விட்சர் என்ற பொறியாளர். கடைசி நாள் நிரலில் அமெச்சூர்களுக்கென்று பத்து மைல் ஓட்டமும் இருந்தது. சொத்துக்கார இளைஞர் எடி ஹெர்ன் ஃபியட்டில் அதை வென்றார்.

அந்த மூன்று நாளில் தார்ப் பாதை பெயர்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். திடலுக்குச் செங்கல் பதித்தார்கள். 1910இல் மறுபடியும் பல நாள், பல ஓட்டம். முதலில் வந்த கூட்டம் போகப் போகக் குறைந்தது. எதற்காக வருகிறோம் என்று தெரியாத அளவுக்குப் பந்தயங்கள்! உரிமையாளர் கார்ல் ஃபிஷரும் கூட்டாளிகளும் எடுத்த முடிவு துணிச்சலானது: ஆண்டுக்கு ஒரே நாள், ஒரே பந்தயம், 500 மைல், இதுவரை யாரும் தராத பரிசுப் பணம்.

1911 மே 30 அன்று அதை வென்றவர், வீட்லி ஹில்ஸ் துணைப் பந்தயத்தில் நாம் பார்த்த அதே ரே ஹாரூன். மூன்றாவதாக வந்தவர் புரூஸ்-பிரவுன். நான்காவது, வங்கியாளர் மகன் ஸ்பென்சர் விஷார்ட், மெர்சிடிஸில். பிராகும் ஹெர்னும்கூட ஓடினார்கள். அமெச்சூர் வகுப்பிலிருந்து வந்தவர்கள் மறைந்துவிடவில்லை. அமெச்சூர் என்ற பிரிவுதான் மறைந்தது. பரிசுப் பணம் அவ்வளவு பெரிதான பிறகு, கோப்பை போதும் என்று சொல்ல யாருக்கும் மனமில்லை.

## பணமில்லாப் பந்தயம் திரும்பி வந்தது

1930களில் காலியர் சகோதரர்கள் என்ற பணக்கார இளைஞர்களும் நண்பர்களும் ஆட்டோமொபைல் ரேசிங் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற சிறு அமைப்பைத் தொடங்கி, ஊர்ச் சாலைகளில் தங்களுக்குள் பந்தயம் நடத்தினார்கள். போர் வந்ததும் 1941இல் கலைந்தது. 1944இல் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா அந்தப் பழைய கோட்டை மறுபடி போட்டது. 1948 அக்டோபர் 2 அன்று நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் ஊரில் 6.6 மைல் சாலைச் சுற்றில், ஜூனியர் பிரி என்ற துணைப் பந்தயமும் கிராண்ட் பிரியும் நடந்தன. இரண்டையும் ஆல்ஃபா ரோமியோவில் ஃபிராங்க் கிரிஸ்வால்ட் ஒருவரே வென்றார். பணப் பரிசு கூடாது என்ற பிடிவாதம் 1950கள் முழுக்க நீடித்தது.

## பதிவேட்டில் ஏன் இல்லை?

கடைசியாக, இணையத்தில் தேடுபவர்களைக் குழப்பும் ஒரு விஷயம். 1909 முதல் 1915 வரையான தேசிய சாம்பியன் பட்டியல் என்று இன்று சுற்றுவது அந்தக் காலத்தில் வழங்கப்பட்டதல்ல. ஏ.ஏ.ஏ. அலுவலகத்தில் ஆர்தர் மீன்ஸும் வால் ஹேர்ஸ்நேப்பும் 1920களின் பிற்பகுதியில் பழைய முடிவுகளை எடுத்து, புள்ளி போட்டுக் கணக்கிட்டது. நீண்ட தூரப் பந்தயங்கள்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டன. திடல்களில் நடந்த ஐந்து மைல், பத்து மைல் அமெச்சூர் ஓட்டங்களுக்குப் புள்ளி இல்லை.

எடி ஹெர்ன் பிறகு முழுநேர ஓட்டுநரானார். 1923இல் நிஜமாகவே ஓடிப் புள்ளி சேர்த்துத் தேசிய சாம்பியனும் ஆனார். அந்தச் சாம்பியனின் புள்ளிக் கணக்கில் 1909 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில் அவர் வென்ற பத்து மைலைத் தேடினால் கிடைக்காது.